தண்ணிக்கு எப்படி மக்கா

நல்ல மனிதர் என்று ஊரே சொல்லும் ஒருவர்மேல் கோபப்படுவது பெரிய சிரமம். சேர்ந்து திட்டுவதற்கு ஆள் கிடைக்காது. நான் தனியாகவே திட்டினேன், வருஷக்கணக்கில். சாப்பிடும்போது திட்டினேன், பைக் ஓட்டும்போது ஹெல்மெட்டுக்குள் திட்டினேன். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இன்றைக்கும் அந்த அலுவலகம் இருக்கும் தெரு வழியாகப் போக நேர்ந்தால் எனக்குப் பல் நறநறக்கிறது.

எங்கள் பக்கத்து ரோடுகளுக்குப் பொறுப்பான அலுவலகத்தில் அவர் என்ஜினீயர். குள்ளமான உருவம், வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் ஒரு பேனா, ஒரு பென்சில். பேனாவின் மூடி திறந்து நான் பார்த்ததில்லை. யார் எந்த விண்ணப்பத்தைக் கொண்டுபோனாலும் இரண்டு கையாலும் வாங்குவார். ஒரு வரி விடாமல் படிப்பார். அவருடைய மேஜைமேல் ஒரு தார்க்கட்டி இருக்கும். ரோட்டின் கனத்தைச் சோதிக்கத் துளைத்தெடுத்த உருண்டைத் துண்டு. அதைத் தூக்கி, காகிதத்தை அடியில் வைத்து, மெதுவாக இறக்குவார். பிறகு நம்மைப் பார்த்துச் சிரிப்பார்.

"இரி மக்கா, சாயா குடி."

தார்க்கட்டிக்கு அடியில் போன காகிதம் மறுபடி வெளியே வந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. முடியாது என்று அவர் சொல்லமாட்டார். சரி என்றும் சொல்லமாட்டார். "பாப்பம் மக்கா" என்பார். அதைச் சொல்லும்போது முகத்தில் அத்தனை கனிவு இருக்கும். வாங்கிக்கொண்டு வெளியே வந்து பஸ் ஏறிய பிறகுதான் கையில் ஒன்றுமில்லை என்று தெரியும்.

அந்த அலுவலகத்தில் டைப் அடிக்கும் அக்கா ஒருநாள் என்னிடம் ரகசியம்போலச் சொன்னாள். "சாருக்க மக ப்ராக்ரஸ் கார்டுல கூட சார் ஒப்பு போடமாட்டாரு, கேட்டியா. எல்லாம் வீட்டுக்காரிதான். இஞ்ச வருகைப் பதிவேட்டுல அவரு போடுத ஒப்ப நீ பாக்கணும். எறும்பு ஒண்ணு மிதிபட்டுக் கெடந்த மாதிரி இருக்கும்."

காசு எதிர்பார்க்கிறாரோ என்று சந்தேகப்பட்டதும் உண்டு. அதைச் சோதிக்க ஒருமுறை எங்கள் விளையில் நிற்கும் பலாமரத்தில் பழுத்த வருக்கைச் சக்கை ஒன்றைச் சுமந்துகொண்டு போனேன். மணம் அலுவலகம் முழுக்கப் பரவியது. அவர் ஆசையாகத் தடவிப் பார்த்தார். பிறகு ஆபீஸ் உதவியாளரைக் கூப்பிட்டு வெட்டச் சொல்லி, வராந்தாவில் காத்திருந்த எல்லாருக்கும் சுளை சுளையாகக் கொடுத்தார். எனக்கும் இரண்டு சுளை தந்தார். என் விண்ணப்பம் தார்க்கட்டிக்கு அடியிலேயே இருந்தது. கைநீட்டுகிறவனாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அன்றைக்கு நினைத்தேன். அப்படிப்பட்டவனிடமாவது வேலை நடக்கும்.

என் விண்ணப்பம் என்ன, பெரிய கோட்டையா? பன்னிரண்டு மீட்டர் ரோடு. நான் கேபிள்காரன். ஆரம்பத்தில் டி.வி. கேபிள், இப்போது இன்டர்நெட். எங்கள் ஊர் சிதறால் மலைக்கு இந்தப் பக்கத்துச் சரிவில் இருக்கிறது. பெரிய ரோட்டுக்கு மேல்புறம் நூற்றுச் சொச்சம் வீடு, கீழ்ப்புறம் வயலும் கிணறுகளும். பாறை மறைப்பதால் செல்போனில் ஒரு கோடு வந்தால் அதிசயம். ஃபைபர் மெயின் லைன் ரோட்டின் கீழ்ப்புறத்தோடு போனது. அதை மேல்புறத்துக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். மேலே கம்பம் நட்டு இழுத்துப் பார்த்தேன். பாரம் ஏற்றிய லாரிகள் இரண்டு தடவை அறுத்துக்கொண்டு போயின. தரைக்கடியில் கொண்டுபோனால்தான் இணைப்பு, அதற்கு அனுமதிக் காகிதம் வேண்டும் என்று மெயின் லைன் கம்பெனி சொல்லிவிட்டது. அனுமதிக்கு அவர் அந்த இடத்தை வந்து பார்த்து, ரோட்டுக்கடியில் வேறு எதுவும் போகவில்லை என்று சான்று எழுதி ஒப்பு போட வேண்டும்.

இத்தனைக்கும் எங்கள் வீட்டு நிலைமை அவருக்கு நன்றாகத் தெரியும். என் தங்கை ஷீபாவின் கணவன் கல்ஃபில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் திரும்பி வந்தான். விமான நிலையத்திலிருந்து ஆம்புலன்ஸ் வந்த அன்று ஊரில் புயல். ரோட்டில் மரங்கள் விழுந்து கிடந்தன. அந்த மழையில் கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு, வாள்காரர்களோடு நின்று மரம் அறுத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். எந்த உத்தரவும் வரவில்லை, அவராகவே வந்திருந்தார். கடைசி மரத்தை அகற்ற முடியாதபோது ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை அவரும் பிடித்து, மரத்துக்கு மேலாகத் தூக்கிக் கடத்தினார். எங்கள் வீடுவரை நடந்து வந்தார். ஷீபா அழுவதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

அந்த மனிதர்தான் பன்னிரண்டு மீட்டருக்கு ஒப்பு போடவில்லை.

ஷீபா ஆஸ்பத்திரி பில்களைப் படித்து இன்ஷூரன்ஸுக்குக் குறியீடு போடும் வேலை செய்தாள். வீட்டிலிருந்தே செய்யலாம், புருஷனைப் புரட்டிப் படுக்க வைக்கலாம், நேரத்துக்குக் கஞ்சி கொடுக்கலாம். அந்தக் குடும்பத்துக்கு வேறு வழியில்லை. ஆனால் செல்போன் சிக்னலில் அவளுடைய கம்ப்யூட்டர் நின்று நின்று போனது. கம்பி வழி இணைப்பு இருந்தால் வீட்டிலிருந்து செய், இல்லாவிட்டால் சென்னைக்கு வா என்று அவளுடைய கம்பெனி கெடு வைத்தது. நான் கெடுவைச் சொல்லி அவர் முன்னால் நின்றேன். வாரம் ஒருமுறை நின்றேன்.

ஒவ்வொரு தடவையும் ஒரே சடங்கு. சாயா வரும். அம்மையின் மூட்டுவலி எப்படி என்று கேட்பார். மச்சானுக்கு முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார். கடைசியாக மறக்காமல் ஒரு கேள்வி.

"தண்ணிக்கு எப்படி மக்கா? வீட்டுல கொறவு ஒண்ணும் இல்லியே?"

"பஞ்சாயத்துக் கொழா இருக்குல்லா சார். தண்ணி நல்லா வருது."

"நல்லா வருதா? கெணத்துத் தண்ணி ஒண்ணும் எடுக்கல்லியே?"

"இல்ல சார்."

"செரி மக்கா. பாப்பம்."

இணைப்புக் கேட்டு வந்தவனிடம் தண்ணீரைப் பற்றி விசாரிக்கிறாரே என்று எனக்கு ரத்தம் கொதிக்கும். தம்ளரை மேஜையில் ஓங்கி வைத்துவிட்டு எழுந்து வருவேன். அவர் தம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கெடு முடிந்தது. ஷீபா சென்னைக்குப் போனாள். நாகர்கோவிலில் ரயில் ஏற்றிவிட்டு நான் பிளாட்பாரத்தைத் தாண்டுவதற்குள் போன் வந்தது என்று சொல்ல ஆசைதான். அரை மணி நேரம் ஆயிற்று. ஆரல்வாய்மொழி மின்சாரக் காற்றாடிகளைத் தாண்டும்போது சிக்னல் முழுதாக இருந்ததாம். "அண்ணா, அவரு நான் போறத பாக்கமாட்டேன்னு செவுத்தப் பாத்துத் திரும்பிக் கெடந்தாரு" என்றாள். உடனே போனை வைத்துவிட்டாள். அடுத்த வாரம் அலுவலகத்தில் அவர் கேட்டார், "பிள்ள போயிட்டாளா மக்கா?" அவர் கண் கலங்கியிருந்தது. அந்தத் தார்க்கட்டியைத் தூக்கி அவர் தலையில் போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. நிஜமாகவே தோன்றியது.

பிறகுதான் விதி மாறியது. இன்டர்நெட் லைன் சீக்கிரம் போட வேண்டும் என்று அரசாங்கம் கெடுபிடிகளைத் தளர்த்தியது. விண்ணப்பத்தை இனிமேல் ஆன்லைனில் போடலாம். குறித்த நாளுக்குள் அலுவலகம் பதில் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே எடுத்துக்கொள்ளலாம். அதிகாரி வந்து பார்க்க வேண்டாம்; தரைக்கடியில் வேறு எதுவும் இல்லை என்று விண்ணப்பிக்கிறவனே உறுதி கொடுத்தால் போதும்.

படித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இந்த விதியை எழுதியவன் என்றைக்கோ ஒருநாள் என் என்ஜினீயர் முன்னால் உட்கார்ந்து சாயா குடித்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அச்செடுத்த தாளை எடுத்துக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போனேன். அவர் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும், அதற்காகவே போனேன்.

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு வரி விடாமல் படித்தார்.

"அப்போ நான் ஒண்ணும் எழுதண்டாம், இல்லியா?"

"வேண்டாம் சார். நீங்க சும்மா இருந்தா போரும். அதுதான் உங்களுக்கு நல்லா வருமே."

அவர் முகம் சுருங்கவில்லை. பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர்போல நாற்காலியில் சாய்ந்தார். இத்தனை வருஷம் நம்மை வதைத்த மனிதருக்கு அரசாங்கமே பரிசு கொடுத்ததுபோல ஆகிவிட்டது. நான் பற்றி எரிந்தேன். எழுந்திருக்கும்போது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"தண்ணிக்கு எப்படி மக்கா?"

"தண்ணியெல்லாம் கொள்ளாம், நல்லா வருது சார்" என்று சொல்லிவிட்டு, தாளைக்கூடத் திருப்பி வாங்காமல் வெளியே வந்தேன்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பஞ்சாயத்துக் குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்தால் உண்டு. மேல்புறத்து வீடுகளில் பலருக்குக் கிணறு கீழ்ப்புறத்து வயலில் இருக்கிறது. தாத்தா காலத்துக் கிணறுகள். அங்கே மோட்டார் வைத்து, கறுப்பு ரப்பர் ஓஸில் தண்ணீரை ரோட்டைக் கடந்து மேலே ஏற்றுவோம். ரோட்டை வெட்ட யார் அனுமதி கேட்பது? ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் கிடையாது. பகலிலேயே ஒரு முழம் ஆழத்துக்கு ஒரு கீறு கீறி, பழைய பிளாஸ்டிக் குழாயை இறக்கி, அதற்குள் ஓஸை விட்டு, மண்ணும் சரளும் போட்டு மிதித்துவிடுவோம். திங்கட்கிழமை யார் வந்து கேட்டாலும், "ஓஸா? இங்கேயா?" என்று வாய்பிளப்போம். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் ஊரில் சர்ச், கோயில், கட்சி எல்லாம் ஒன்று. எங்கள் வீட்டு ஓஸ் என் அப்பா போட்டது.

விண்ணப்பத்தில் 'வேறு எதுவும் இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். குறித்த நாள் கழிந்தது, அவர் பதில் சொல்லவில்லை, அனுமதி வந்துவிட்டது. ஆள் இறங்கி நிற்கும் ஆழத்துக்குத் துளை போட்டுக் கேபிள் கொண்டுபோக வேண்டும் என்பது விதி. நான் ரோட்டைத் தொடவே இல்லை. எங்கள் வீட்டு ஓஸ் போகும் பழைய குழாய்க்குள்ளேயே கேபிளையும் தள்ளிவிட்டேன். ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

ஷீபா திரும்பி வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே மேஜை போட்டு வேலை செய்தாள். மச்சான் அவளுடைய திரையைப் பார்த்து, "இன்னைக்கு எத்தன பேருக்கு ஆப்பரேசன் செய்த?" என்று கிண்டல் அடிக்கும் அளவுக்குத் தேறினான். எட்டு மாதம் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அந்தச் சிரிப்புக்கு மெஷின் ரூபத்தில் முடிவு வந்தது. வேறொரு பெரிய கம்பெனி, அதே தளர்ந்த விதியில், அதே மாதிரி பதில் இல்லாத அனுமதியோடு, மேல்புறத்து ரோட்டோரம் நெடுக அறுத்துக்கொண்டு வந்தது. சங்கிலி வைத்த மெஷின். ஒரு மணி நேரத்தில் ஒரு தெருவை முடித்துவிடும். அதற்கு முந்தின நாள் அவர்களுடைய சூப்பர்வைசர், மதுரைப் பக்கத்துப் பையன், ஒவ்வொரு வாசலிலும் நின்று, கீழே குழாய் கிழாய் ஏதாவது போகிறதா என்று கேட்டான். ஊரே ஒன்றுமில்லை என்றது.

மறுநாள் மெஷின் எங்கள் பதினோரு ஓஸையும் வரிசையாக அறுத்தது. கீழே சில மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. ரோட்டோரத்தில் தண்ணீர் குபுகுபுவென்று பொங்கியது. சூப்பர்வைசர் பயந்துபோய் மெஷினை நிறுத்தினான். "என்னங்க இது, பைப்பா?"

என் வீட்டுக்கு அடுத்த வீட்டுக் கொத்தனார் தண்ணீரைக் குனிந்து பார்த்தார். அவர் வீட்டுத் தண்ணீர்தான் அது. "பைப்பும் இல்ல ஒண்ணும் இல்ல தம்பி, ஊத்து. இஞ்ச தோண்டினா ஊத்து வரும்" என்றார். சுற்றி நின்ற பத்துப் பேரும் ஆமாம் ஊற்றுதான் என்றார்கள். ஒருத்தி வீட்டுக்குள் ஓடிப்போய் யாருக்கோ போன் செய்து, மோட்டாரை அணைக்கச் சொல்வது எனக்குக் கேட்டது. மெஷின் மறுபடி கிளம்பியது. எங்கள் குழாயோடு கேபிளும் போயிருந்தது. ஷீபா பதறி வெளியே ஓடிவந்தாள், கையில் ஹெட்போனோடு.

ஒரு நாளில் ஒட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மெயின் லைன் கம்பெனி என்ஜினீயர் அறுந்த இடத்தைப் பார்க்க வந்தான். தண்ணீர்க் குழாய்க்குள், முழங்கால் ஆழத்தில் கேபிள் கிடப்பதைப் படம் பிடித்தான். பொய் உறுதி கொடுத்தேன் என்று எழுதி, இணைப்பை ரத்து செய்தான். வேண்டுமானால் முதலிலிருந்து ஆரம்பி என்றான். ஷீபாவின் கம்பெனி இந்தத் தடவை நீண்ட கெடு தரவில்லை. திங்கட்கிழமைக்குள் சென்னையில் இரு, இல்லாவிட்டால் வேலை இல்லை.

நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்? அவரிடம்தான் போனேன். ஓய்வு பெற இன்னும் பத்து நாள் இருந்தது அவருக்கு. உட்காரச் சொன்னதை நான் கேட்கவில்லை.

"ஒருத்தன் வந்து ஊர அறுத்துப் போட்டுட்டுப் போயிருக்கான். நீங்க இஞ்ச என்னத்துக்கு சார் இருக்கிய? ஒரு வாட்டி வந்து பாத்தியளா அந்த எடத்த?"

தார்க்கட்டியைத் தூக்கினார். அடியிலிருந்து என் முதல் விண்ணப்பத்தை உருவினார். மூன்று வருஷத்துக்கு முந்தியது. திருப்பிப் போட்டார்.

பின்பக்கத்தில் பென்சிலால் எங்கள் ரோடு வரைந்திருந்தது. வளைவு, கலுங்குப் பாலம், சிலுவை நிற்கும் குருசடி எல்லாம் அந்தந்த இடத்தில். ரோட்டுக்குக் குறுக்கே பதினோரு கோடுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆழம், வீட்டுக்காரர் பெயர். மூன்றாவது கோட்டில் என் அப்பாவின் பெயர் இருந்தது. அவர் வந்து பார்த்திருக்கிறார். ஒரு தடவை அல்ல, பல தடவை.

"கீழ ஒண்ணும் இல்லன்னு நான் ஒப்பு போட்டா அது பொய்யி மக்கா. இருக்குன்னு எழுதினா அடுத்த நாளே பதினோரு வீட்டுக்கும் தண்ணிய வெட்டணும். உனக்க மச்சான நித்தம் குளிப்பாட்டணும்லா. ஊருல நீங்களா ஒரு மனு தந்திருந்தா போரும். எங்களுக்குக் கெணத்துத் தண்ணி வேணும்னு. ரோட்டுக்கடியில பெரிய கொழா ஒண்ண முறையா எறக்கி, எல்லா ஓஸையும் அதுல விட்டிருக்கலாம். உனக்க கேபிளும் பக்கத்துல போயிருக்கும். நான் எத்தன வாட்டி கேட்டேன் உன்கிட்ட?"

"அத வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லா சார்! ஒரு வார்த்த!"

"எப்பிடி மக்கா சொல்லுவேன்? சொன்னா எனக்குத் தெரியும்னு ஆயிருமே."

இதை அவர் சொன்ன விதத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சின்னப் பிள்ளைக்குப் பாடம் விளக்குகிறவர்போல, அத்தனை பொறுமையாகச் சொன்னார். நான் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். டைப் அடிக்கும் அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு பென்சிலால் அந்தப் பதினோரு கோட்டின் மேலும் ஒவ்வொன்றாகப் பெருக்கல் குறி போட்டு, காகிதத்தை மறுபடி தார்க்கட்டிக்கு அடியில் வைத்தார்.

அவருடைய வழியனுப்பு விழாவில் கறைபடாத கை என்று பேசினார்களாம். மைக்கறைகூடப் படாத கை என்று நான் அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

ஷீபாவை மறுபடி ரயில் ஏற்றினேன். இந்தத் தடவை அழவில்லை, என்னோடு அதிகம் பேசவும் இல்லை. வீட்டுக்கு வந்து, மச்சானுக்காகக் குடத்தில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. ரயில் காற்றாடிகளையெல்லாம் தாண்டி வெகுதூரம் போயிருக்க வேண்டும்; எங்கள் பக்கம் அதிசயமாக ஒரு கோடு வந்து, அவள் குரல் தெளிவாக இருந்தது.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டா? மெஷின் வாறதுக்கு முந்துன நாளு அந்த சூப்பர்வைசர் நம்ம வீட்டுக்கும் வந்தான்லா. உன்கிட்டயும் கேட்டானா?"

"கேட்டான்."

"கேபிள் கெடக்குன்னு சொன்னியா? இல்லன்னு சொன்னியா?"

ஓஸைச் சொல்லாமல் கேபிளைச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே குழாய்க்குள் கிடந்தன. அந்தப் பையன் வெயிலில் நின்று, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டும் சொல்லல்ல மக்ளே" என்றேன். "இரி, சாயா குடின்னு சொன்னேன்."